‘ஃபாஸ்ட்’ அட்ஜெக்டிவா, அட்வெர்பா? பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் கண்டுபிடிக்க என்ன வழி?

கேள்வி: திண்டுக்கல்_தேர்வர்

டெட் (ஆசிரியர் தகுதி) தேர்வின் ஆங்கிலப் பகுதிக்குப் படிக்கிறேன். எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சுக்கும் (சொல் வகைகளுக்கும்) விளக்கம் மனப்பாடம். ஆனால் வாக்கியத்தில் ஒரு சொல்லை அடிக்கோடிட்டு ‘இது என்ன?’ என்று கேட்டால் திணறல்தான். ‘எ ஃபாஸ்ட் ட்ரெயின்’ என்பதில் ஃபாஸ்ட் அட்ஜெக்டிவாம் (பெயரின் தன்மையைச் சொல்வது), ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்பதில் அட்வெர்பாம் (செயலின் தன்மையைச் சொல்வது). ஆஃப்டர், தட் எல்லாம் இப்படியே மாறுகின்றன. சில புத்தகங்களில் எட்டு வகை, சிலவற்றில் டிட்டர்மினர் என்று கூடுதலாக ஒன்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பிடிபடுகிற மாதிரி வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: கரும்பலகை

விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ‘செயலைக் குறிப்பது வெர்ப்’ என்கிறோம். ‘அரைவல்’, ‘டிஸ்கஷன்’ இரண்டும் செயல்தானே? ஆனால் அவை நவுன் (பெயர்ச்சொல்). ‘பிலாங்’, ‘ரிசெம்பிள்’ இரண்டிலும் யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் அவை வெர்ப். அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் எந்த இடத்தில் நின்று என்ன வேலை பார்க்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வெர்பைப் பிடியுங்கள். வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றினால் எந்தச் சொல்லின் வடிவம் மாறுகிறதோ அதுதான் வெர்ப். ‘கட்’, ‘புட்’ போன்றவை இறந்தகாலத்திலும் மாறாது. அவற்றுக்கு முன்னால் ‘ஹி’ போட்டு, நிகழ்காலத்தில் எஸ் சேருகிறதா என்று பாருங்கள். அடுத்து நவுன்: முன்னால் ‘தி’ அல்லது ‘மை’ நிற்குமா என்று சோதிக்கலாம். ‘ரௌண்ட்’ என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். ‘தி செகண்ட் ரௌண்ட்’ என்பதில் நவுன். ‘எ ரௌண்ட் டேபிள்’ என்பதில் அட்ஜெக்டிவ். ‘தே ரௌண்டட் தி கார்னர்’ என்பதில் வெர்ப். ‘எ ஷாப் ரௌண்ட் தி கார்னர்’ என்பதில் ப்ரிப்பொசிஷன் (நவுனுக்கு முன்னால் நின்று இடம், காலம் போன்ற தொடர்பைக் காட்டும் சொல்).

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் குழப்பத்துக்குத் தமிழில் ‘ஆன’, ‘ஆக’ போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ‘வேகமான ரயில்’ என்றால் அட்ஜெக்டிவ், ‘வேகமாக ஓடுகிறான்’ என்றால் அட்வெர்ப். உங்கள் ஃபாஸ்ட் இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் இந்த வழி ஓரிடத்தில் நம்மைக் கவிழ்த்துவிடும். ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று தமிழில் ‘ஆக’ வருகிறது. அதை நம்பி ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதிவிடுகிறார்கள். சரியானது ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்’. லுக், சீம், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், பிகம் போன்ற வெர்புகள் பல இடங்களில் எழுவாயையும் அதன் தன்மையையும் சேர்த்துவைக்கும் வேலையை மட்டுமே செய்கின்றன. அங்கே தேவை அட்ஜெக்டிவ்.

இதற்குச் சோதனை: அந்த வெர்பை எடுத்துவிட்டு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போடுங்கள். ‘தி சூப் டேஸ்ட்ஸ் குட்’ என்பதை ‘தி சூப் இஸ் குட்’ ஆக்கலாம், வாக்கியம் நிற்கிறது, எனவே அட்ஜெக்டிவ். ‘ஹி டேஸ்டட் தி சூப் கேர்ஃபுலி’ என்பதில் ‘வாஸ்’ போட்டால் அவனே சூப் ஆகிவிடுவான்! ஆகவே அங்கே டேஸ்ட் உண்மையான செயல். அதற்கு அட்வெர்ப்தான் வரும்.

எல்-ஒய் முடிவை வைத்து அட்வெர்ப் என்று முடிவுகட்டாதீர்கள். நவுனோடு அது சேர்ந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ்தான் கிடைக்கும்: ஃபிரெண்ட்லி, காஸ்ட்லி, கவர்ட்லி (கோழைத்தனமான). இன்னொன்று, ஹார்ட்லி என்பது ஹார்டுக்கு அட்வெர்ப் வடிவம் என்று நினைக்காதீர்கள். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறான். ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவு. பாராட்ட நினைத்தவர் திட்டியதாக ஆகிவிடும்.

பதில் 2: நடுப்பக்கம்

தட், ஆஃப்டர் இரண்டுக்கும் தமிழே துணை. தமிழில் சொல்லிப் பார்த்தால் நான்கு ‘தட்’டும் நான்கு வடிவமாகப் பிரிந்துவிடும்.

‘தட் இஸ் மைன்’: ‘அது’ என்று வந்தால் ப்ரோநவுன் (பிரதிப்பெயர்). ‘தட் புக்’: ‘அந்த’ என்று வந்தால் அட்ஜெக்டிவ், புதிய கணக்கில் டிட்டர்மினர். ‘ஐ நோ தட் ஹி கேம்’: ‘வந்தான் என்று’ என வந்தால் கஞ்சங்ஷன் (இணைப்புச் சொல்). ‘தி புக் தட் ஐ பாட்’: ‘நான் வாங்கிய புத்தகம்’ என்று பெயரெச்சமாக மாறினால் ரிலேட்டிவ் ப்ரோநவுன்.

ஆஃப்டரும் இப்படித்தான். ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று நான்காம் வேற்றுமை ‘கு’ வந்தால் ப்ரிப்பொசிஷன். ‘அவர் வந்த பிறகு’ என்று பெயரெச்சம் வந்தால் கஞ்சங்ஷன். அதாவது பின்னால் நவுன் மட்டும் இருந்தால் முதலாவது, எழுவாயும் வெர்பும் சேர்ந்து வந்தால் இரண்டாவது. ‘சூன் ஆஃப்டர்’ என்று பின்னால் எதுவுமே இல்லாவிட்டால் அட்வெர்ப். பிஃபோர், சின்ஸ் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் ‘டிஸ்பைட் இட் வாஸ் ரெயினிங்’ என்ற பிழை வருகிறது. டிஸ்பைட் ப்ரிப்பொசிஷன், பின்னால் ‘தி ரெயின்’ போல ஒரு நவுன் வேண்டும். முழு வாக்கியம் வேண்டுமானால் ஆல்தோ. பிகாஸ், பிகாஸ் ஆஃப் இரண்டுக்கும் இதேதான்.

ப்ரிப்பொசிஷனில் தமிழ் உருபை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதால் டிஸ்கஸ் அபவுட், ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதால் என்டர் இன்டு தி ரூம், ‘மதுரைக்குப் போய்ச் சேர்ந்தார்’ என்பதால் ரீச் டு என்று எழுதுகிறார்கள். இந்த மூன்று வெர்பும் இந்தப் பொருளில் நவுனை நேரடியாக எடுத்துக்கொள்ளும். இடையில் எதுவும் வேண்டாம். லிஸன் நேர்மாறு. ‘பாட்டைக் கேள்’ என்று நாம் ‘ஐ’ உருபு போடுகிறோம், ஆங்கிலத்தில் ‘டு’ இல்லாமல் நடக்காது.

தேர்வில் பலரை ஏமாற்றுவது ‘அப்’, ‘ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் தி லைட்’ என்பதில் ஆஃப் ப்ரிப்பொசிஷன் போலத் தெரியும். லைட்டுக்குப் பதில் ‘இட்’ போடுங்கள்: ‘டர்ன் இட் ஆஃப்’ என்று சொல் இடம் மாறுகிறது. அப்படியானால் அது வெர்போடு ஒட்டிய அட்வெர்ப். ‘ரன் அப் தி ஹில்’ என்பது ‘ரன் அப் இட்’ ஆகத்தான் நிற்கும், அது ப்ரிப்பொசிஷன்.

பதில் 3: ஏட்டுச்சுவடி

எட்டா ஒன்பதா என்பதற்கு: எட்டு என்பது கிரேக்கத்திலிருந்து வந்த எண்ணிக்கை. பழங்காலக் கிரேக்க இலக்கண அறிஞர் டயோனிசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் இலக்கண நூலில் எட்டு வகை உண்டு. அதில் ஆர்ட்டிக்கிளும் (ஆங்கிலத்தில் எ, தி போன்றவை) பார்ட்டிசிப்பிளும் (வெர்பிலிருந்து வந்து அட்ஜெக்டிவ் வேலை பார்க்கும் வடிவம்) தனி வகைகள். லத்தீனில் ஆர்ட்டிக்கிள் கிடையாது. அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்ஷனை (‘ஐயோ’ போன்ற உணர்ச்சிச் சொல்லை) சேர்த்து மீண்டும் எட்டாக்கினார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபின் பார்ட்டிசிப்பிள் வெர்புக்குள் போனது, நவுனுக்குள் இருந்த அட்ஜெக்டிவ் தனியானது. மறுபடியும் எட்டு.

எ, தி, மை, திஸ், சம் ஆகியவற்றைப் பழைய பள்ளி இலக்கணம் அட்ஜெக்டிவில் அடக்கியது. அவை அட்ஜெக்டிவ் போல நடப்பதில்லை என்பதால் புதிய நூல்கள் டிட்டர்மினர் என்று பிரிக்கின்றன, பிரித்ததுதான் சரி. ‘பிக் ரெட் பாக்ஸ்’ என்று அட்ஜெக்டிவை அடுக்கலாம். ‘தி மை பாக்ஸ்’ என்று அடுக்க முடியாது. தமிழில் ‘இந்த என் வீடு’ என்பது இயல்பு. ஆங்கிலத்தில் ‘திஸ் மை ஹவுஸ்’ என்பது பிழை, ‘திஸ் ஹவுஸ் ஆஃப் மைன்’ என்றுதான் எழுத வேண்டும். தேர்வில் விடைகளுள் டிட்டர்மினர் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அட்ஜெக்டிவ்.

தொல்காப்பியத்தின் பெயர், வினை, இடை, உரி என்ற நான்கோடு இதைப் பொருத்த வேண்டாம். உறு, தவ, நனி போன்ற உரிச்சொற்கள் பெயரோடும் வரும், வினையோடும் வரும். உரிச்சொல் என்றால் அட்ஜெக்டிவ் என்று எழுதிவைத்தால் இரண்டு மொழியிலும் குழப்பம்தான்.

திண்டுக்கல்_தேர்வர்:

மூவருக்கும் நன்றி. ‘ஸ்விம்மிங்’ போல ஐ-என்-ஜி சொற்களுக்கும் தமிழ்ச் சோதனை உண்டா?

கரும்பலகை:

உண்டு. ‘நீந்துவது நல்லது’ என்று தொழிற்பெயராக வந்தால் ஜெரண்ட், அதாவது நவுன் வேலை. ‘நீந்தும் மீன்’ என்று பெயரெச்சமானால் பார்ட்டிசிப்பிள், அட்ஜெக்டிவ் வேலை. ‘நீந்துகிறது’ என்றால் இஸ்ஸோடு சேர்ந்த வெர்ப். ‘ஸ்விம்மிங் பூல்’ வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். குளம் நீந்தவில்லை, நீந்துவதற்கான குளம்; எனவே ஜெரண்ட். ஸ்லீப்பிங் பில், வாக்கிங் ஸ்டிக் இரண்டும் இதே ரகம். ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்பதில் குழந்தையே தூங்குவதால் பார்ட்டிசிப்பிள்.