ஜி.என்.எம். படித்த ஆர்.என்., நேரே எம்.எஸ்.என். போகலாமா?

இரவுஷிஃப்ட்_ஹூஸ்டன்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு) டிப்ளமோ முடித்து, அங்கேயே ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தபடி என்க்லெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) எழுதி ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகி, கிரீன் கார்டில் ஹூஸ்டன் வந்தேன். இப்போது டெலிமெட்ரி (இதயத் துடிப்பைக் கண்காணிக்கும்) வார்டில் இரவு ஷிஃப்ட். பி.எஸ்சி. நர்சிங் சேர அந்தக் காலத்தில் வீட்டில் வசதி இல்லை. அது இன்றுவரை மனதில் இருக்கிறது.

புதிதாக வரும் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ரொம்ப விருப்பம். எங்கள் யூனிட்டில் எஜுகேட்டர் வேலைக்கு மாஸ்டர்ஸ் கேட்கிறார்கள். 'முதலில் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலை), அப்புறம் எம்.எஸ்.என். (நர்சிங் முதுநிலை)' என்கிறார் ஒரு தோழி. 'ஆர்.என். டு எம்.எஸ்.என். என்று ஒரே படிப்பாகவே இருக்கிறது, எதற்கு இரண்டு முறை சேர வேண்டும்' என்கிறார் இன்னொருவர். ஜி.என்.எம். வைத்துக்கொண்டு இதில் சேர முடியுமா? வேலையை விடாமல் படிக்க முடியுமா? மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

வார்டுடீச்சர்_டல்லாஸ்:

சிஸ்டர், நானும் ஜி.என்.எம். தான், ஊர் திருநெல்வேலிப் பக்கம். நீங்கள் கேட்கும் அதே வழியில் படித்து இப்போது நர்ஸ் எஜுகேட்டராக இருக்கிறேன். சேர முடியும், வேலையை விடாமலும் படிக்கலாம்.

தனித்தனியாகப் படித்தால் ஆராய்ச்சி, தலைமைப் பொறுப்பு, சமூக நலம் போன்ற பாடங்களை பி.எஸ்.என்.னில் ஒரு தடவை, எம்.எஸ்.என்.னில் இன்னொரு தடவை படிப்பீர்கள். ஆர்.என். டு எம்.எஸ்.என். எனும் பிரிட்ஜ் படிப்பில் இளநிலைப் பாடங்கள் சிலவற்றை எடுத்துவிட்டு, அதே பொருளை முதுநிலைத் தரத்திலேயே நடத்துகிறார்கள். மிச்சமாகும் நேரம் அங்கிருந்துதான் வருகிறது. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு. மூன்று இரவு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு முழுநேரம் படிக்காதீர்கள், பகுதிநேரமாக எடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நடுவழியில் பி.எஸ்.என். பட்டத்தையும் தருகிற படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். சில இடங்களில் தருகிறார்கள், சில இடங்களில் கடைசியில் எம்.எஸ்.என். மட்டும்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்ப நேரும், இன்னொரு குழந்தை வரும், வீட்டுக்காரருக்கு வேலை மாறும். பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் இரண்டாவது வகைப் படிப்பில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. பி.எஸ்.என். இருந்தால் அதுவே ஒரு படி. மேக்னட் அங்கீகாரம் (நர்சிங் தரத்துக்குக் கொடுப்பது) பெற்ற மருத்துவமனைகளில் நர்ஸ் மேனேஜருக்குக் குறைந்தது நர்சிங்கில் இளநிலைப் பட்டம் வேண்டும்.

அடுத்து காகித வேலை. நம் ஊர் டிப்ளமோக்காரர்களுக்குப் படிப்பைவிட இதுதான் அதிக நாள் இழுக்கும். லைசென்ஸுக்காக சி.ஜி.எஃப்.என்.எஸ். (வெளிநாட்டு நர்ஸுகளின் சான்றிதழ்களை மதிப்பிடும் அமைப்பு, இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாறிவிட்டது) கொடுத்த அறிக்கை இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பல்கலைக்கழகம் பாடவாரியாக, கிரெடிட் கணக்குடன் தனி அறிக்கை கேட்கக்கூடும். மதிப்பெண் விவரங்களை நர்சிங் பள்ளியோ கவுன்சிலோ நேரடியாக அனுப்ப வேண்டும், உங்கள் கையிலிருக்கும் சான்றிதழின் நகல் செல்லாது. ஊரில் யாராவது நேரில் போய் நிற்பது நல்லது. எனக்குத் தம்பிதான் பள்ளிக்கும் சென்னைக்குமாக அலைந்தான். அவன் இல்லாவிட்டால் அந்த ஆண்டு சேர்ந்திருக்கவே முடியாது. ஜி.என்.எம்.முக்கு எத்தனை கிரெடிட் கொடுப்பார்கள் என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். (நர்சிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்புகள்) அங்கீகாரம் இல்லாத படிப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எஃப்.என்.பி_நியூஜெர்சி:

அக்கா, எஜுகேட்டர் ஆக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அதிலேயே நில்லுங்கள். சேர்க்கைக்காகப் பேசுகிறவர்கள் 'கூடவே நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) டிராக் எடுங்களேன்' என்பார்கள். இரண்டும் வேறு வேறு உழைப்பு. பிராக்டிஷனர் படிப்புக்கு நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் கிளினிக்கல் நேரம் குறைந்தது 500 மணி என்று இருந்ததை 2022 தரவிதிகளில் 750 ஆக உயர்த்திவிட்டார்கள். படிப்புக்கு எவ்வளவு வேகமான பெயர் வைத்தாலும் இந்த மணிக்கணக்கைச் சுருக்க முடியாது. பல ஆன்லைன் படிப்புகளில் பிரிசெப்டரை (கிளினிக்கல் பயிற்சியை மேற்பார்வை செய்பவர்) நாமேதான் தேட வேண்டும். ஒவ்வொரு கிளினிக்காக நான் போன் போட்டுக் கேட்ட நாட்களை நினைத்தால் இப்போதும் களைப்பாக இருக்கிறது.

டெக்சாஸில் பிராக்டிஷனர் மருந்து எழுத டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும், பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் வேண்டாம். பின்னால் மனம் மாறினால் இதையும் யோசியுங்கள்.

ஐ.சி.யூ. அனுபவம் இருப்பதால் 'அனஸ்தீசியா போ' என்றும் சொல்வார்கள். அதற்கு இனி மாஸ்டர்ஸ் போதாது. 2022 ஜனவரிக்குப் பிறகு சேர்கிறவர்கள் எல்லோரும் டாக்டரேட் படிப்பில்தான் சேர வேண்டும்.

ஆஸ்டின்_அண்ணன்:

நான் நர்ஸ் இல்லை, மனைவி நர்ஸ். எங்கள் வீட்டில் பணக் கணக்கு என் பொறுப்பு, அதை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவமனை கொடுக்கும் படிப்பு உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. இது காலண்டர் ஆண்டுக் கணக்கு. ஆகஸ்டில் சேர்ந்தால் அந்த ஆண்டின் தொகை இலையுதிர் பருவத்துக்கு, ஜனவரியில் புதுத் தொகை அடுத்த பருவத்துக்கு. உதவி வாங்கினால் எவ்வளவு காலம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு அரசுக் கல்விக்கடன் கிடைக்கும், எச்-1பி வேலை விசா ஆட்களுக்குக் கிடையாது. ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் (படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த முதுநிலைக் கடன்) இல்லை. வழக்கமான முதுநிலைக் கடன் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர்தான். விலை உயர்ந்த தனியார் கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் மாதிரி ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. அந்த ஆறு மாதத்தில் எத்தனை பாடம் முடித்தாலும் பணம் அதேதான். வேகமாகப் படிப்பவர்களுக்கு அது லாபம்.

இரவுஷிஃப்ட்_ஹூஸ்டன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டல்லாஸ் சிஸ்டர், இன்னும் ஒன்று. இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தபோது பி.எஸ்.என். வாங்க அமெரிக்க வரலாறு படிக்க வேண்டும் என்றார்கள். நர்ஸுக்கு எதற்கு வரலாறு? சரியாகத்தான் சொல்கிறார்களா?

வார்டுடீச்சர்_டல்லாஸ்:

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் சிஸ்டர். டெக்சாஸ் அரசுக் கல்வி நிறுவனங்களில் எந்த இளநிலைப் பட்டம் வாங்கினாலும் வரலாறு ஆறு கிரெடிட், அரசியலமைப்பு ஆறு கிரெடிட் சட்டப்படி கட்டாயம். டெக்சாஸ் அரசியலமைப்பும் அதில் அடக்கம். ஜி.என்.எம்.மில் நமக்கு இது இருந்திருக்காது. அதற்காக பி.எஸ்.என். தராத படிப்பு போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் பருவத்துக்கு ஒன்றாக முடிக்கலாம். வரலாற்றுக்கு கிளெப் தேர்வும் (வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதி கிரெடிட் வாங்குவது) இருக்கிறது, பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள் காகிதங்கள் ஊரிலிருந்து வரும் மாதங்களை வீணாக்காமல் இந்தப் பாடங்களையும் ஸ்டாடிஸ்டிக்ஸையும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். ஸ்டாடிஸ்டிக்ஸை மட்டும் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் திறக்காதீர்கள். லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.