வாப்பாவின் கப்ரருகே (கல்லறையருகே) ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழலாமா?

அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினத்தில் என் வாப்பா (தந்தை) மவுத்தானபோது (இறந்தபோது) நான் துபாயில் இருந்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் நல்லடக்கம் முடிந்துவிட்டது. மையவாடியில் (இடுகாட்டில்), ஈரம் காயாத மண்ணில் நட்டிருந்த மீஸான் (அடையாளக்) கல்லருகே நின்று ஸலாம் சொல்லி, துஆ கேட்டுத் திரும்பினேன்.

ஜியாரத்தில் (கப்ரைச் சென்று காண்பதில்) எனக்குக் குழப்பமில்லை. முன்பு தடுத்திருந்த நபி (ஸல்) அவர்களே பின்னர் அதை அனுமதித்தார்கள். ஆனால், கப்ருகளை நோக்கித் தொழாதீர்கள் என்ற ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்க, பள்ளிவாசலைப் பெருக்கிவந்த பெண்மணி தமக்கு அறிவிக்கப்படாமலே அடக்கப்பட்டதை அறிந்து, அவருடைய கப்ருக்கே சென்று நபியவர்கள் ஜனாஸா தொழுத செய்தியும் இருப்பதால், அவ்வாறே நானும் வாப்பாவுக்காகத் தொழலாமா என்பதுதான் என் கேள்வி.

நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்ட வழிமுறை). அதில் அனுமதி உண்டு என்கிறார் மாமா. ஹனஃபியான என் மச்சானோ, மூத்த காக்காவே (அண்ணனே) முன்னின்று தொழவைத்துவிட்டதால் மறுபடி தொழக்கூடாது என்கிறார். ஹன்பலி மத்ஹபில் ஒரு மாதம் என்று வரம்பு இருப்பதாக வாசித்தேன். வாப்பாவை அடக்கி இன்றோடு 26 நாள்கள் ஆகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அப்படிக் கெடு ஏதும் உண்டா, தனியாகத் தொழுதால் போதுமா என்பதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஆதாரத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும். தர்கா விவாதத்தை மட்டும் தயவுசெய்து இங்கே இழுக்க வேண்டாம்.