மழையா நடந்தது? எஸ்எஸ்சி ஆங்கிலத்தில் ஒரு குழப்பம்

நிலா92:
மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் மாதிரித் தாளில், ஆங்கிலப் பகுதியில் இரண்டு கேள்வி போச்சு. 'ஈச் ஆஃப் த கேர்ள்ஸ் ஹேஸ் பிராட் தேர் லஞ்ச்', இதில் 'தேர்' பிழையாம். 'வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்', இதுவும் பிழையாம். மூன்று தடவை படித்தும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

பழையபேனா:
அது தமிழ்க் காதும்மா. 'ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது மழை வந்தது' என்றால் நமக்கு உறுத்தாது. நடந்தது யார் என்று சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்தில் 'வாக்கிங்' என்று தொடங்கினால், காற்புள்ளிக்கு அடுத்து நிற்பவர்தான் நடந்தவர். இங்கே மழை நடக்கிறது, அதுவும் குடையில்லாமல்! 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்' என்று மாற்றினால் தீர்ந்தது. 'ஈச்' ஒருமை, எனவே 'ஹெர் லஞ்ச்'. பக்கத்தில் நிற்கும் 'கேர்ள்ஸ்' ஆளை ஏமாற்றும். 'ஒவ்வொருவரும் தங்கள்' என்றே பேசிப் பழகிய நானும் இதில் மதிப்பெண் விட்டவன்தான்.

சாம்பார்வடை:
வெள்ளைக்காரர்களே 'எவ்ரிஒன்' போட்டு 'தேர்' என்கிறார்களே அண்ணே?

பழையபேனா:
14ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்கிறார்கள். விடைக்குறிப்புக்கு அது தெரியாது. தப்பான விடைக்கு 0.50 மதிப்பெண் போகும், வாதாடத் தேர்வு இடமில்லை.

நிலா92:
சரி, புரிந்தது. மழை நடப்பதை இனி மறக்க மாட்டேன்.