கடலைமிட்டாய் பாக்கெட்டில் கூடுதலாகப் போன ஒன்பது கிராம்

கரிசல்காட்டுக்காரன்:

எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம் அப்பா காலத்துக் கடலைமிட்டாய்ப் பட்டறை. 14 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 11 பேர் பெண்கள். 2020இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் நன்றாகவே கூடியது. ஆனால் வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அப்பாவிடம் கேட்டால் "கடலை விலை ஏறிடுச்சுப்பா" என்பார். அது உண்மைதான், ஆனால் கடலை விலை ஏறியபோதெல்லாம் நாங்களும் மிட்டாய் விலையை ஏற்றித்தானே வந்தோம்?

புதுசாக ஏதாவது போட்டால்தான் பிழைக்க முடியும் என்று நினைத்து எள்ளு, முந்திரி, சாக்லேட் பூசியது என்று மூன்று ரகம் இறக்கினோம். சாக்லேட் ரகம் மே மாத வெயிலில் கடை அலமாரியிலேயே உருகி உறையோடு ஒட்டிக்கொண்டது, பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அந்த ஒரு சீசனில் போன பணத்தை எடுக்க ஒரு வருஷம் ஆனது.

அந்தச் சமயம் லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகள் (தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள்) சும்மா இருக்க முடியாமல் பேக்கிங் மேஜையிலிருந்து 50 பாக்கெட் எடுத்து ஒவ்வொன்றாக எடை போட்டாள். "மாமா, 200 கிராம்னு போட்டிருக்கு, இதுல ஒண்ணுகூட 200 இல்லையே" என்றாள். எனக்குப் பகீரென்றது, குறைவாகப் போகிறதோ என்று. குறைவு இல்லை, எல்லாமே கூடுதல். சராசரி 209 கிராம், ஒன்றிரண்டு 216 வரை போயிருந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 1,500 பாக்கெட். ஒன்பது கிராம் வீதம் 13.5 கிலோ. மாதம் 25 நாள் என்றால் 337 கிலோவுக்கு மேல். கடலை, வெல்லம், விறகு, கூலி எல்லாம் சேர்த்து அப்போது எங்களுக்கு அடக்கம் கிலோவுக்கு 130 ரூபாய். ஆக மாதம் 44,000 ரூபாய் அளவுக்கு மிட்டாயை நாங்கள் சும்மா கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பேக்கிங் பெண்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. எடை குறைந்தால் எடையளவு அதிகாரிகள் அபராதம் போடுவார்கள் என்று நாங்கள்தான் பயமுறுத்தி வைத்திருந்தோம், அதனால் ஒரு துண்டு கூடப் போட்டுக் கட்டினார்கள். துண்டுகளும் ஒரே கனத்தில் இல்லை. பாகு கலந்த கடலையை மேஜையில் கொட்டி உருளையால் தேய்க்கும்போது நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிசாகவும் வரும். யார் தேய்க்கிறார்களோ அவர் கை அழுத்தத்தைப் பொறுத்தது. சரி என்று ஊரில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி மேஜையின் இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் உயரத்தில் எவர்சில்வர் பட்டை வைத்தோம். உருளை அந்தப் பட்டைகள் மேல் ஓடும், அதற்குக் கீழே இறங்காது. செலவு 6,500 ரூபாய். இரண்டு வாரத்தில் சராசரி 203க்கு வந்துவிட்டது. மூன்று புது ரகத்துக்கும் செலவழித்ததில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகைப் பிரச்சனை. மழைக்காலத்தில் மிட்டாய் நமத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். வெல்லம் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, அதிலும் நாள்பட்ட வெல்லம், கசிந்த வெல்லம் என்றால் இன்னும் மோசம். எங்கள் பாகு மாஸ்டர் அண்ணாச்சி 30 வருஷமாகத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்துத் தட்டில் போட்டு "டங்" என்று சத்தம் கேட்டால்தான் இறக்குவார். தெர்மாமீட்டர் வாங்கி வைத்தபோது அவருக்கு மனசு சங்கடப்பட்டது, அது எனக்கும் புரிந்தது. அதனால் அவரை மாற்றச் சொல்லாமல், அவர் "பதம்" என்று சொல்லும் நேரத்தில் சூடு எவ்வளவு என்று மட்டும் ஒரு மாதம் நோட்டில் எழுதினோம். அவர் கொப்பரை ஒவ்வொரு முறையும் 143, 144, 145 டிகிரிக்குள்ளேயே நின்றது. 136க்கும் 148க்கும் நடுவில் அலைந்தது பக்கத்துக் கொப்பரை, அங்கே வேலை செய்தது புதுசாக வந்த தம்பி. பாகு இறக்குவது முந்தினால் உள்ளே ஈரம் நிற்கும், அந்தச் சரக்குதான் மழையில் நமத்தது. இப்போது தம்பியின் கொப்பரையில் தெர்மாமீட்டர், அண்ணாச்சி கொப்பரையில் அண்ணாச்சி.

உறையையும் மாற்றினோம். சாதா பாலித்தீன் கவருக்குப் பதில் உள்ளே வெள்ளி நிறம் தெரியும் மெட்டலைஸ்டு உறை. சிவகாசி எங்களுக்குப் பக்கம், ஆனாலும் கலருக்கு ஒரு அச்சு சிலிண்டர் என்று செலவு, குறைந்தது இத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பார்கள். ஆறு கலர் டிசைனை மூன்றாகக் குறைத்தோம். நிலக்கடலை ஒவ்வாமை தரும் பொருள் என்ற வரியை அச்சுக்குப் போகும் முன்பே சரிபாருங்கள், விட்டுப்போனால் அத்தனை கிலோவும் வீண்.

உங்கள் பட்டறை, கம்பெனி அனுபவங்களையும் எழுதுங்கள். ஜெயித்தது மட்டும் வேண்டாம்.

ஈரமாவு, கோவை:

அண்ணா, எடை விஷயம் படித்தவுடன் நேற்று சாயந்திரமே எங்கள் மாவு பாக்கெட்டை எடை போட்டேன். ஒரு கிலோவுக்கு 1,022. இன்று முதல் மணிக்கு ஐந்து பாக்கெட் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

என் கதை வேறு. இட்லி மாவு தினம் 600 கிலோ போடுகிறேன். ஆரம்பத்தில் பாக்கெட் உப்பி வெடிக்கிறது என்று தினமும் ரிட்டர்ன். மாவு புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் உளுந்தை மாற்றினேன், வெந்தயத்தைக் குறைத்தேன், அரிசி ஊறும் நேரத்தை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் நானே டெலிவரி வண்டியில் ஏறிக் காலை ஐந்து மணிக்குக் கடை கடையாகப் போனேன். ஒரு மளிகைக் கடையில் பிரிட்ஜுக்குள் கை விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. அந்த அண்ணா ராத்திரி பத்து மணிக்குக் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார், கரண்ட் பில்லுக்காக. அப்படிச் செய்கிற கடை என் லைனில் ஏழு இருந்தது. ரிட்டர்னில் முக்கால்வாசி அந்த ஏழு கடைகளிலிருந்துதான்!

நாலு கடைக்காரர்கள் சொன்னவுடன் கேட்டுக்கொண்டார்கள். மற்ற மூன்று கடைக்கு அன்றன்றைக்கு விற்கிற அளவு மட்டும் போடுகிறோம், மிஞ்சினால் ராத்திரியே எடுத்துவிடுகிறோம். அப்புறம் எங்கள் பக்கத்திலும் ஒரு தப்பு இருந்தது. கிரைண்டரில் அரைக்கும்போதே மாவு சூடாகிறது. இப்போது ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் அரைக்கிறோம், அரைத்த மாவு நேராகக் குளிர் அறைக்குப் போகும். உறையில் காற்று வெளியேற ஊசித்துளை போட்ட கவர். இதில் எதுவுமே பெரிய கண்டுபிடிப்பு இல்லை, ஆனால் அந்த வண்டியில் ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் உளுந்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

கண்ணாடி பாட்டில், விருதுநகர்:

சோடா, பன்னீர் சோடா, கலர். தாத்தா தொடங்கியது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவு எடுத்தன இல்லையா, அந்த வாரம் எங்கள் போன் ஓயவில்லை. எங்களைப் பார்த்தே இராத கடைக்காரர்கள் எல்லாம் "அண்ணாச்சி, எவ்வளவு இருக்கோ அவ்வளவு அனுப்புங்க" என்றார்கள். எங்களிடம் இருந்ததோ 400 கிரேட் பாட்டில். போனது திரும்பி வந்தால்தானே அடுத்து நிரப்ப முடியும்? புது பாட்டில் கேட்டால் ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த அவசரத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். தண்ணீர் நன்றாகக் குளிர்ந்தால்தான் கேஸ் உள்ளே கரைந்து நிற்கும், எங்கள் சில்லரின் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) கொள்ளளவுக்கு மேல் ஓட்டியதில் தண்ணீர் 12, 13 டிகிரியிலேயே மெஷினுக்குப் போனது. சிலிண்டர் சிலிண்டராகக் கேஸ் தீர்ந்தது, பாட்டிலைத் திறந்தால் உயிர் இல்லை. நம்மூர் பானம் என்று ஆசையோடு வாங்கிக் குடித்த ஒரு காலேஜ் பையன் பாதியில் வைத்துவிட்டுப் போனதைக் கடையில் நின்று நானே பார்த்தேன். அந்தப் பையன் திரும்பி வரமாட்டான் என்று அப்போதே தெரிந்தது. ஆடி மாதத்துக்குள் ஆர்டர் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் பெரிய சில்லர் போட்டேன், இப்போது 3 டிகிரிக்கு மேல் தண்ணீர் போனால் லைனை நிறுத்திவிடுவேன். அதே சாலையில் இன்னொரு கம்பெனிக்காரர் அந்த வருஷம் எங்களைவிடக் குறைவாகத்தான் அனுப்பினார், ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தது. இன்றைக்கு அவர் மூன்று மாவட்டம் தாண்டி விற்கிறார்.

தூத்துக்குடி ஏற்றுமதி:

கடலையில் வேலை செய்கிறவர்கள் அஃப்ளாடாக்சினை (ஈரக் கடலையில் பிடிக்கும் பூஞ்சை உண்டாக்கும் நச்சு) மறக்க வேண்டாம். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான் ஐரோப்பாவில் மொத்த வரம்பு. எங்கள் ஒரு கன்டெய்னர் அதில் அடிபட்டது. வறுத்தால் போய்விடும் என்று நினைத்திருந்தோம், முழுசாகப் போவதில்லை. மழையில் நனைந்து காய்ந்த ஒரு மூட்டை போதும் மொத்த லாட்டும் கெட. இப்போது சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு எல்லாவற்றையும் பொறுக்க ஆறு பேர் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் கூலியைக் குறைக்கலாமே என்று எங்கள் கணக்கர் வருஷா வருஷம் கேட்பார், நான் விடமாட்டேன்.

புதுசாகத் தொடங்குபவன், திண்டுக்கல்:

கரிசல் அண்ணே, மத்திய அரசின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் என்கிறார்களே, முதலில் மெஷின் வாங்கட்டுமா, மேஜைக்குப் பட்டை போடட்டுமா?

கரிசல்காட்டுக்காரன்:

தம்பி, மானியத்துக்கு விண்ணப்பியுங்கள், நானும் அதில்தான் உறை ஒட்டும் மெஷின் வாங்கினேன், வங்கிக் கடன் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதுவரைக்கும் 900 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கிவிடுங்கள். தினம் காலை பத்து, மதியம் பத்து, சாயந்திரம் பத்து பாக்கெட். யார் கட்டியது என்று பெயர் எழுத வேண்டாம், எங்கள் பெண்கள் முதல் வாரம் அதற்குப் பயந்து இன்னும் கூடப் போட்டார்கள். மேஜை நம்பர் மட்டும் எழுதுங்கள். எங்களிடம் மூன்றாம் மேஜை தரையே ஒரு பக்கம் சாய்வு என்பது அப்படித்தான் தெரிந்தது.

கோவைத் தங்கச்சிக்கு: அந்த 1,022ஐ ஒரேயடியாக 1,000க்குக் கொண்டுவராதேம்மா. நாங்கள் 203இல் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. மெலிந்த பாக்கெட்டும் 200க்குக் கீழே போகக் கூடாது. 1,010க்குக் கொண்டுவந்து ஒரு வாரம் பார், அப்புறம் மெதுவாக இறக்கு.