மாணவர் பாடல் காணொளி: இலங்கை மலையகத்தில் எடுத்தவர்களின் அனுபவங்கள்

ஹட்டன் பக்கம், ஊடகப் பாட ஆசிரியை

உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் எங்கள் பிள்ளைகள் சென்ற ஆண்டு ஒரு பாடலைத் தாங்களே எழுதிக் காணொளியாக்கினார்கள். அத்துடன் குறுந்தட்டு உறை, சுவரொட்டி, யூடியூப் முகப்புப் படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கான சிறு முன்னோட்டம் ஆகியவை அடங்கிய விளம்பரத் தொகுப்பையும் செய்தார்கள். இந்த வேலையில் இறங்க நினைக்கும் மற்றப் பாடசாலைகளுக்கு நான் முதலில் சொல்வது, விளம்பரத் தொகுப்பைப் படப்பிடிப்பு முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான். சுவரொட்டியில் யார் நிற்கப்போகிறார்கள், எங்கே நிற்கப்போகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியபோதுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் பாடல் எதைப் பற்றியது என்பதே தெளிவாயிற்று.

முதல் வரைவில் எல்லாரும் எதிர்பார்ப்பது போலவே கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் கூடையோடு சிரித்துக்கொண்டு நின்றார். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாப் பதாகையிலும் காலங்காலமாக அச்சாகிவரும் அதே படம். பாடலோ கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போன அண்ணனைப் பற்றித் தங்கை பாடுவது. அந்தப் படத்துக்கும் இந்தப் பாடலுக்கும் என்ன உறவு என்று நான் கேட்டதற்கு, "மலையகம்னா அதுதானே மிஸ்" என்று ஒரு மாணவர் சொன்னார். விவாதம் வகுப்பறையில் முடியவில்லை. அந்தக் குழுவிலிருந்த ஒரு மாணவியின் பெரியம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவரிடமே அனுமதி கேட்போம் என்று மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்து மடுவத்தடிக்குப் போனோம். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கைக் கழற்றி உதறியபடியே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிக்க வச்சுப் படம் புடிச்சா அந்த நேரத்துக் கிலோவ யாரு குடுப்பா டீச்சர்?" என்றார். நாளுக்குரிய கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பது பிள்ளைகளுக்கு வீட்டில் தெரிந்த கணக்கு. அதைப் படப்பிடிப்புக் கணக்கில் யாரும் சேர்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவரே போகிறபோக்கில், "அண்ணன்கூடப் பேசணும்னா டவர் கெடைக்க மலை ஒச்சிக்குத்தானே ஏறுவா இவ, அத எடுங்களேன்" என்று தங்கை மகளான அந்த மாணவியைக் காட்டிச் சொன்னார். சுவரொட்டியும் காணொளியும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தவை.

அதன் பிறகு திட்டம் வேகமாக ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, படம் அந்த வரியை அப்படியே காட்டப்போகிறதா, வரி சொல்லாததைச் சேர்க்கப்போகிறதா, அல்லது வரிக்கு எதிராகவே நிற்கப்போகிறதா என்று பிள்ளைகளை எழுதச் சொன்னேன். "நலமாயிருக்கிறேன்" என்று அண்ணன் சொல்லும் இடத்தில் அவர் கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுத்திருக்கும் காட்சி இப்படித்தான் வந்தது. என் பார்வையில் முழுக் காணொளியிலும் மிகச் சிறந்த காட்சி அதுதான். அதை எடுக்கக் கொழும்புக்கு யாரும் போகவில்லை. நகரத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் களஞ்சிய அறையைத் திறந்துவிட்டார்.

தோட்டத்துக்குள் படம்பிடிக்க அதிபரின் கையொப்பத்தோடு தோட்ட முகாமையாளரான துரைக்குக் கடிதம் கொடுத்தோம். காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தபின் தொழிற்சாலைக்குள் கெமரா வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு விட்டுவிட்டார். ட்ரோன் ஒன்றைக் கொண்டுவருவதாகப் பழைய மாணவர் ஒருவர் சொன்னார். அதற்குச் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் பதிவு, அனுமதி என்று தனி அலைச்சல் இருப்பதால் வேண்டாம் என்றோம். மேலிருந்து மலையைக் காட்டுவதால் இந்தப் பாடலுக்கு ஒன்றும் கூடிவிடப்போவதுமில்லை.

காலநிலையைப் பற்றி இங்கே எழுதுகிறவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனாலும் கொழும்பிலிருந்து வழிகாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகியவை மேற்குச் சரிவில் இருப்பதால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவப்பெயர்ச்சி மழையை இங்கேதான் கொட்டுகிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து, ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு நனைகிறது. ஆகவே எங்கள் பக்கத்துக்கு மாசி, பங்குனிதான் உகந்தவை. ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும்கூட என்பதால், வார இறுதியில் ஹட்டன் பஸ் நிலையத்தில் யாத்திரிகர்களுக்கு நடுவே ஒரு நடிகரை நிறுத்தவே இடம் கிடைக்காது. பஸ் நிலையக் காட்சியை வார நாளொன்றின் விடிகாலையில் வைத்துக்கொண்டோம். பிற்பகலில் மூடுபனி இறங்குவது நெருங்கிய காட்சிகளுக்கு நல்லதே: முகத்தில் கடும் நிழல் விழாது. தொலைவுக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். குளிரில் நின்ற கெமராவை அடுப்பெரியும் லயன் காம்பராவுக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) நேரே கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும். பைக்குள் மூடி வைத்துச் சற்று நேரம் விட்டால் சரியாகும்.

பண்டாரவளை, ஒளிப்பதிவாளர்

கல்யாண வீடுகளுக்குப் படம்பிடிப்பது என் தொழில். ஊரிலுள்ள மாணவர் குழுக்கள் எடிட்டிங்கில் சிக்கிக்கொண்டால் என்னிடம் வருவார்கள். அப்படி வந்த ஒரு குழுவின் சிக்கல் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். அருகில் எடுத்த காட்சிகளில் உதட்டசைவு பாட்டோடு பொருந்துகிறது; மலைச்சரிவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பாடிய தொலைவுக் காட்சியில் மட்டும் பொருந்தவில்லை. கைப்பேசி பழுதா, மென்பொருள் பழுதா என்று கேட்டபடி நின்றார்கள். பாட்டை எங்கே ஒலிக்கவிட்டீர்கள் என்று கேட்டேன். ஒலிபெருக்கி கெமராவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். 100 மீற்றர் தள்ளி நிற்கும் பாடகிக்குப் பாட்டு 0.3 செக்கன் பிந்தித்தான் கேட்கிறது. அவர் கேட்டதற்கேற்ப வாயசைக்கிறார். செக்கனுக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) என்றால் அது ஏழு ஃபிரேம் தாமதம், கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஒலிபெருக்கியைப் பாடகிக்குப் பக்கத்தில், புதரின் மறைவில் வைத்துவிட்டால் அவருடைய தாமதம் போய்விடும். ஆனால் இப்போது கெமராவின் மைக் அந்த ஒலியைப் பிந்திப் பதிவு செய்யும் என்பதால், எடிட்டிங்கில் கெமரா ஒலியை வைத்துப் பொருத்தினால் பிழை மறுபக்கமாக வந்து நிற்கும். பாடகியின் அருகில் ஒருவர் பாட்டின் குறித்த ஒரு தாளத்தில் கையை உயர்த்தித் தட்ட வேண்டும். கை சேரும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்து அந்தத் தாளத்தோடு பொருத்த வேண்டும். அந்தக் குழு அன்று மாலையே என் கடையில் உட்கார்ந்து எல்லாத் தொலைவுக் காட்சிகளையும் ஏழு ஃபிரேம் நகர்த்திச் சரிசெய்தது.

இன்னொன்று, வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் ஓடும் கறுப்புப் பட்டைகள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. கைப்பேசி தன்பாட்டில் 30 ஃபிரேமும் 1/60 செக்கன் ஷட்டருமாக ஓடினால் பட்டை விழும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று பூட்டிவிட வேண்டும். அதற்கு இடங்கொடுக்கும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன.

பாடகி வாயசைத்துக்கொண்டே மெதுவாக நடந்துவரும் காட்சி எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கேற்பப் பாடச் சொல்லுங்கள். 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டுங்கள். நடை பாதி வேகத்திலும் உதடு பாட்டோடும் வரும். எடுக்கும்போது கார்ட்டூன் போல இருப்பதால் பிள்ளைகள் சிரித்துத் தொலைப்பார்கள், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நுவரெலியா, அச்சக வடிவமைப்பாளர்

விளம்பரத் தொகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள் என்று ஆசிரியை எழுதியதை அச்சகத்துப் பக்கத்திலிருந்து வழிமொழிகிறேன். நான் சந்திக்கும் மாணவர்களில் பாதிப்பேர் காணொளியிலிருந்து ஒரு ஃபிரேமைப் பிடித்து, அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இத ஏ3 போஸ்டரா அடிச்சுத் தாங்க அண்ணா" என்கிறார்கள். ஏ3 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 3508க்கு 4961 புள்ளி வேண்டும். முழு எச்டி ஃபிரேமில் இருப்பது 1920க்கு 1080. அது ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் அகலத்துக்குத்தான் தெளிவாக வரும். வாட்ஸ்அப் அதையும் சுருக்கிவிடுகிறது. படப்பிடிப்பு நாளிலேயே ஒருவரை நிழற்படத்துக்கென்று தனியாக நிறுத்த வேண்டும். அவர் எடுக்கும் படத்தில் தலைப்பு எழுத்துக்கென்று மேற்பகுதியில் வெற்று வானம் விட்டிருக்க வேண்டும். அசல் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

அடுத்தது எழுத்து. நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. பிள்ளைகள் கைப்பேசியில் அடிப்பது யூனிகோட். அதை அப்படியே பாமினியில் ஒட்டினால் எழுத்தே வராது. யூனிகோட் எழுத்துருவிலேயே போட்டாலும், பழைய ஃபோட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு தன் இடத்தை விட்டுத் தள்ளி நிற்கும். வேறோர் அச்சகத்தில் அடித்து, 'மலையோரம்' என்ற சொல்லில் கொம்பும் காலும் சிதறிய நிலையில் சுவரொட்டிக் கட்டோடு ஒரு குழு என்னிடம் வந்து நின்றது. பணமும் போய்விட்டது, மறுநாள் வெளியீடு என்ற நிலை. நல்ல வழி, தலைப்பைக் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, படமாகவே வைப்பது. அதே எழுத்து உறையிலும் சுவரொட்டியிலும் 1280க்கு 720 அளவிலான யூடியூப் முகப்பிலும் வரும்போது, பார்ப்பவர் எங்கே கண்டாலும் இது அந்தப் பாட்டு என்று அடையாளம் கண்டுகொள்வார்.

தேயிலைப் பச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் மினுங்கும் பச்சை நான்கு வண்ண மையில் மங்கித்தான் வரும். ஒரு தாள் மாதிரி அடித்துப் பார்க்காமல் கட்டுக் கட்டாக அடிக்கச் சொல்லாதீர்கள். படத்தை ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதலாக நீட்டி விடுங்கள், வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியாது. குறுந்தட்டை ஓட்ட இப்போது பலரிடம் கருவி இல்லை என்பது உண்மை. ஆனாலும் உறை செய்யும் பயிற்சியை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். 12 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் ஒரு பாட்டைச் சொல்லத் தெரிந்தவருக்குக் கைப்பேசித் திரையில் நகம் அளவு தெரியும் முகப்புப் படம் சுலபமாக வரும். உறையின் பின்புறத்தில் கியூஆர் குறியைப் போட்டுவிட்டால் அதைக் கொடுக்கவும் செய்யலாம்.

மஸ்கெலியா, பெற்றோர்

இங்கே எழுதிய ஆசிரியையின் பாடசாலை அல்ல, எங்களுடையது வேறு. என் மகள் பாட்டுப் பாடினாள். பாடுவதில் எனக்கு மறுப்பில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் முகம் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒட்டப்படுவதில்தான் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. பொறுப்பாசிரியர் வீட்டுக்கு வந்து, வரைந்த படத்தைக் காட்டி, "இதுல எது வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். முகம் தெரியாமல் பின்புறமாக நிற்கும் படத்தைச் சுவரொட்டிக்கு வைப்பது, காணொளியில் முகம் வரலாம், யூடியூபில் கருத்துப் பகுதியை மூடிவிடுவது என்று உடன்பட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டேன். பின்புறமாக நிற்கும் படம்தான் நன்றாக இருந்தது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நான் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். சுவரொட்டியைச் சிறிதாக்கி ஸ்டிக்கராகப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன், தரிப்பிடத்தில் மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள். இலவச விளம்பரம் தேடும் பாடசாலைகள் இதை யோசிக்கலாம்.

ஹட்டன் பக்கம், ஊடகப் பாட ஆசிரியை

சினிமாப் பாட்டையே வைத்து எடுத்தால் என்ன என்று தனிப்பட்ட முறையில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. வகுப்புக்குள் பயிற்சிக்காகப் பயன்படுத்துவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. ஏற்றினால் அங்குள்ள கன்டென்ட் ஐடி முறை பாட்டை அடையாளம் கண்டு காணொளியை முடக்கவோ, வருமானத்தை உரிமையாளர் பக்கம் திருப்பவோ கூடும். நாங்கள் ஒரு மாணவியின் அப்பாயி பாடிய தாலாட்டு மெட்டை எடுத்துக்கொண்டோம். நாட்டார் மெட்டுத்தானே என்று பெயர் போடாமல் விட்டுவிடவில்லை. பாடிக் காட்டியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர் சம்மதத்தோடு காணொளியின் இறுதியிலும் உறையிலும் போட்டோம். வரிகளை எழுதிய மாணவியிடம், காணொளியைப் பாடசாலையின் சனலில் வைத்திருக்க அனுமதி தருவதாகவும் வரிகளின் உரிமை அவரிடமே இருப்பதாகவும் ஒரு கடிதம் எழுதி இருபக்கமும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். அவர் நாளைக்கு அதே வரிகளை வேறு மெட்டில், வேறு யாரோடு பாடினாலும் பாடசாலையிடம் கேட்க வேண்டியதில்லை.