எக்செல் ஷார்ட்கட் அட்டை ஒட்டினேன், ஒருத்தரும் பார்ப்பதில்லை

கோரையாறு:
நீடாமங்கலம் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை விதை, உரத்துக்குப் பெயர் பதிய கூட்டம் அள்ளும், அதற்காக இரண்டு பிள்ளைகளைப் புதிதாக வைத்திருக்கிறோம். நெட்டில் கிடைத்த நூறு ஷார்ட்கட் பட்டியலைப் பிரின்ட் எடுத்து லேமினேட் போட்டு மேசையில் ஒட்டினேன். டீ கிளாஸ் வைக்கத்தான் அது உதவுகிறது. அரைமணிக்கு ஒருதரம் "அண்ணே, இது எப்படிண்ணே" என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எப்படிப் போட்டால் பார்ப்பார்கள்?

வெண்ணாற்றங்கரை:
கன்ட்ரோல் டி என்ன செய்யும் என்று யாருக்கும் சந்தேகம் வராது, "மேலே இருக்கிறதே கீழேயும் வரணும்" என்றுதான் வரும். அதை அப்படியே இடதுபக்கம் எழுதி வலதுபக்கம் கன்ட்ரோல் டி என்று போடுங்கள். "இன்னிக்குத் தேதி" என்றால் கன்ட்ரோலும் அரைப்புள்ளியும். "கூட்டிப் போடணும்" என்றால் ஆல்ட்டும் சமக்குறியும். ஒரு வாரம் நோட்டு வைத்து அவர்கள் கேட்பதை மட்டும் குறியுங்கள், பதினைந்து வரிக்கு மேல் தேறாது.

பழைய ஆபரேட்டர்:
தம்பி, ஷார்ட்கட் கிடக்கட்டும், எக்செல் சத்தமில்லாமல் கெடுக்கிறதை அட்டையில் மேலே போடுங்க. புல எண் 12/3 என்று அடித்தால் மார்ச் 12 ஆக்கிவிடும், சில கணினியில் டிசம்பர் 3. ஆதார் எண் 12 இலக்கம், அடித்ததும் நடுவில் ஈ, கூட்டல் குறி, 11 என்று ஏதோ காட்டும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் என்றால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், 15-க்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. முன்னால் இருக்கிற பூஜ்யமும் போய்விடும். நான் முன்பு இருந்த இடத்தில் இப்படி ஒரு பட்டியல் போய், பணம் ஏறாமல் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 1 அடித்து, வருகிற பெட்டியில் டெக்ஸ்ட் என்று கொடுங்க, அடித்தது அடித்தபடியே நிற்கும். இதுதான் முதல் வரி.

நெல்மூட்டை:
முதல் மாதம் லேமினேட் வேண்டாம். வெறும் தாளில் பெரிய எழுத்தாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள், பேனாவால் அடித்துத் திருத்த வசதி. எந்தப் பதிப்பு எக்செல் என்று மூலையில் குறித்து வையுங்கள்.

கோரையாறு:
சரி. இன்றைக்கு மட்டும் ஒன்பது கேள்வி குறித்தேன், நாலு "அடிச்சது காணோம்ண்ணே". போனதைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல் இசட் என்று தெரியாமலே இருந்திருக்கிறார்கள், எனக்கு அது கேட்கவே தோன்றவில்லை. அப்புறம் ஆபரேட்டர் அண்ணே, ஏற்கெனவே தேதியாகிப் போன புல எண்ணை டெக்ஸ்ட் ஆக்கினால் ஐந்து இலக்கத்தில் ஏதோ எண் வருகிறதே?

பழைய ஆபரேட்டர்:
அது 1900 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள் கணக்கு. டெக்ஸ்ட் ஃபார்முலா வைத்து நாள், மாதமாகப் பிரித்து எடுக்கலாம். ஆனாலும் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்க தம்பி.