கலைச்சொல் உதவி: குடியிலிருந்து மீள்வோரின் மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். — தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

குழுவினருக்கு வணக்கம். ஒரு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்குத் துண்டறிக்கை தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குடியை விட்ட பிறகும் மனச்சோர்வு நீங்காமல், மாத்திரைக்கும் குணம் தெரியாதவர்களுக்கு டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன் (டி.எம்.எஸ்.) தருகிறார்கள். தலைமேல் கம்பிச்சுருளை வைத்து விட்டுவிட்டுக் காந்தப்புலம் செலுத்துவார்கள். மயக்க மருந்து கிடையாது, நாற்காலியில் விழித்தபடியே இருக்கலாம். வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம். ‘மண்டையூடு காந்தத் தூண்டல்’ என்று எழுதியிருக்கிறேன். படிக்கப்போவது எட்டாவது, பத்தாவது வரை படித்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். இது எடுபடுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, புணர்ச்சியில் குறை இல்லை. ஐகார ஈற்றின் முன் யகர உடம்படுமெய் வந்திருக்கிறது, மகரம் கெட்டு வல்லினம் மிகுந்திருக்கிறது. ‘மண்டை’தான் உறுத்துகிறது. சங்கப் பாட்டில் மண்டை என்றால் ஏந்தும் கலம். பாரியின் மலையைக் கபிலர் நினைந்து பாடும் புறம் 115-ஐப் பாருங்கள். பாணரின் மண்டை நிறைய வார்த்தது தேறல். கள் வார்த்த கலத்தின் பெயரைக் குடியை விட்டவர் தலைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘தலையோட்டூடு’ என்க. ‘சிகிச்சை’ வருமிடத்தில் ‘பண்டுவம்’. ‘காந்தம்’ இருக்கட்டும். அதை வடசொல் என்பார்கள். வயிறு காந்துகிறது என்கிறோமே, அந்தக் ‘காந்து’ என்னும் வினையடியே இதற்கும் வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மனநல மருத்துவர், மதுரை:

ஐயா, ‘தலையோட்டூடு’ என்று என் புறநோயாளிப் பிரிவில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எனக்கு இடிப்பது ‘தூண்டல்’. குழு ஆலோசனையில் நாங்கள் தினமும் சொல்லிக்கொடுப்பது, “தூண்டுதலைக் கண்டுகொள், விலகிப் போ” என்பது. டாஸ்மாக் வாசல், சம்பள நாள், பழைய கூட்டாளியின் போன், எல்லாமே தூண்டுதல். அதே வாரத்தில் “உங்கள் மூளையைத் தூண்டப்போகிறோம்” என்று தாளை நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? ‘கிளர்ச்சி’க்குப் போனால் கிளர்ச்சியூட்டி என்பதே ஒரு போதைப்பொருள் வகை. ‘ஊக்கம்’ என்றால் ஊக்கமருந்து. நல்ல சொற்களையெல்லாம் போதை பிடித்துவைத்திருக்கிறது.

வரைவில் ‘மின்’ வராததற்கு நன்றி. 1938-இல் ரோமில் தொடங்கிய மின்சிகிச்சையைச் சனங்கள் இன்றும் ‘ஷாக்’ என்றுதான் அஞ்சுகிறார்கள். அதில் மயக்கம் கொடுத்து வலிப்பை வரவழைக்கிறோம். இதில் வலிப்பு வந்தால் அது பக்கவிளைவு, அதுவும் மிக அரிது. என் பரிந்துரை ‘காந்தத் துடிப்பு’. சுருளிலிருந்து வருவது துடிப்புகள்தாம். டக் டக்கென்று சத்தமும் கேட்கும், காதில் அடைப்பான் வைப்போம்.

இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

டொக்டர், ‘ஊடு’ கடினமில்லை. சவ்வூடு பரவலை உங்கள் பிள்ளைகளும் படிக்கினம்தானே. ‘தூண்டலை’ விட எனக்கு விருப்பமில்லை. 1831-இல் பரடே கண்டது மின்காந்தத் தூண்டல். மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். இங்கே கடத்தி மூளை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் குழு இந்த டி.எம்.எஸ்.ஸை முதலில் செய்து காட்டியதும் அப்படியே. நரம்பணுவை எழுப்புவது காந்தமல்ல, அது பிறப்பிக்கும் மின்னோட்டம். ‘துடிப்பு’ என்றால் பாதி வேலை சொல்லப்படாமல் போகும்.

மீண்டவர்களுக்கான உதவிக்குழுத் தொண்டர், திருச்சி:

ஐயாமார்களே, நானும் குடிநோயிலிருந்து மீண்டவன். எங்கள் கூட்டத்தில் இதை “மேக்னட் வைக்கிறாங்க” என்போம். அதற்காகக் ‘காந்த சிகிச்சை’ என்று சுருக்கிவிடாதீர்கள். காந்த வளையல், காந்தச் செருப்பு விற்பவர்கள் அந்தப் பெயரில்தான் வருகிறார்கள். வரைவில் இரண்டாம் பக்கத்தில் ‘குடியடிமை’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் ‘குடிநோயாளி’ என்று போடுங்கள். ‘மன அழுத்தம்’ ஓரிடத்தில் இருக்கிறது, அதுவும் வேண்டாம். கடன்காரன் வந்தால் மன அழுத்தம். எனக்கு இருந்தது வேறு. குடிக்கவும் தோன்றவில்லை, குளிக்கவும் தோன்றவில்லை. அதற்கு மனச்சோர்வு என்ற சொல்தான் பொருந்தும்.

மனநல மருத்துவர், மதுரை:

தொண்டர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். இன்னொன்று: இது குடியையே விடவைக்கும் சிகிச்சை என்ற எண்ணம் தலைப்பிலிருந்து வரக்கூடாது. அமெரிக்காவில் 2008-இல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது, 2020-இல் புகைப்பழக்கத்தை விடவும் கிடைத்தது. குடிநோய்க்கு அப்படி இல்லை. குடியை நிறுத்திய முதல் நாட்களில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே “கடைசியாகக் குடித்த நாளை மறைக்காமல் சொல்லுங்கள்” என்ற வரி கட்டாயம் வேண்டும். தலைக்குள் உலோகமோ காதில் காக்ளியர் என்னும் கேட்புக் கருவியோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பெயரைவிட இந்த வரிகள் எனக்கு முக்கியம்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். தலைப்பில் ‘மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்புச் சிகிச்சை’, அடுத்த வரியில் ‘மருத்துவர்கள் இதை டி.எம்.எஸ். என்பார்கள்’ என்று வைக்கிறேன். தனி மடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் துடிப்பின் பக்கம். எதிர்க்க இனி எவருக்கும் தெம்பில்லை என்றே நினைக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

துண்டறிக்கைக்குச் சரி. குழுவின் சொற்பட்டியலில் ‘மண்டையூடு காந்தத் தூண்டல்’ என்றே பதிய வேண்டும். நாளைக்கு மாணவன் ஒருவன் இதைப் படித்தால் பரடேயிடம் போய்ச்சேர வழி இருக்க வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பதிவதானால் ‘தலையோட்டூடு’. மண்டைக்கு நான் உடன்படவில்லை.

மனநல மருத்துவர், மதுரை:

எங்கள் பிரிவில் இப்போது 3 நிமிட முறையும் தொடங்கியிருக்கிறோம், தீட்டா பர்ஸ்ட் என்பது, துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக வேகமாகச் செலுத்துவது. அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்கிறார்கள். ‘வெடிப்பு’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.